இங்கே குடியிருந்தார்

செத்தவர்களுக்குக் கல் நடுவது தமிழனுக்குப் புதிசல்ல. தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகளை வகுத்து வைத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டெடுப்பதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் முடிகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் கிறிஸ்துவுக்கு முந்தியவை. அவற்றில் ஒன்றில் பழந்தமிழ் எழுத்தில் மூன்றே செய்திகள்: செத்தவன் பேர், கூடலூர் என்கிற ஊர், அங்கே நடந்த ஆநிரை கவர்தல். பேர், இடம், நடந்தது. அவ்வளவுதான். எந்த ராஜாவின் மெய்க்கீர்த்தியும் அதில் கிடையாது.

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நடுகல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினோம். யாருக்குக் கல் நட்டார்கள் என்று கேட்டார்கள், எழுதினோம். யாருக்கு நடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் உண்டு. பண்ணையார் வீட்டுத் தூணில் கட்டிவைத்து அடித்ததில் செத்தவனுக்கு?

அவனுக்கு வேறொரு வழி வைத்திருந்தார்கள். அவனைச் சாமியாக்கினார்கள். மதுரைவீரன், காத்தவராயன் என்று கொலையில் பிறந்த சாமிகள் நம்மிடம் ஏராளம். கொன்றவனே பயந்துபோய் வருஷத்துக்கு ஒரு கிடா வெட்டிக் கும்பிட்டுக்கொண்டான். கும்பிட்டால் கணக்குத் தீர்ந்தது. கொல்லப்பட்டவன் சாமியாகிவிட்டால் கொன்றவன் என்று ஒருத்தன் இருந்ததே மறைந்துபோகிறது. நமக்குச் சாமி கிடைத்தது, சாட்சி கிடைக்கவில்லை. சாட்சியாக நிற்கும் கல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

2

ஜெர்மனியில் ஒரு கல் உண்டு. ‘ஸ்டோல்பர்ஸ்டைன்’ என்கிறார்கள். நம் மொழியில் இடறுகல் என்று சொல்லலாம். பத்து சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், ஏறக்குறைய உள்ளங்கை அளவு. ஒரு கான்கிரீட் கட்டி, அதன் மேலே பித்தளைத் தகடு. நடைபாதைக் கற்களோடு ஒரு கல்லாக, வீட்டு வாசலுக்கு முன்னால் பதித்திருப்பார்கள். காலை இடறாது, மனசை இடறும்.

கல்லில் பெரும்பாலும் முதல் வரி ஒன்றுதான்: ‘இங்கே குடியிருந்தார்.’ அதற்குக் கீழே பேர், பிறந்த வருஷம், எந்த வருஷம் பிடித்துக்கொண்டு போனார்கள், எந்த முகாமுக்கு, பிறகு என்ன ஆனது. ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களை 60 லட்சம் என்று சொல்லாமல், ஒரு ஆளுக்கு ஒரு கல் என்று எண்ணுகிற வேலை இது. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று நாலு பேர் இருந்த வீட்டு வாசலில் நாலு கல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தப்பித்து வேறு தேசம் போன பிள்ளைக்கும் கல் உண்டு. பிரித்துச் சிதறடித்த குடும்பத்தைக் கல்லிலாவது சேர்த்துவைக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகாமில் செத்தவரை ‘இறந்தார்’ என்று அந்தக் கற்கள் மழுப்புவதில்லை. ‘கொலை செய்யப்பட்டார்’ என்கின்றன. நம் பத்திரிகைகளில் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று படித்துப் படித்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஒற்றைச் சொல்லின் கனம் தெரியும்.

இதைத் தொடங்கியவர் குன்டர் டெம்னிக் என்கிற கலைஞர். 1947இல் பிறந்தவர். அவர் தொடங்கிய இடம் நமக்கு முக்கியம். பலரும் நினைப்பதுபோல அவர் முதலில் யூதர்களை நினைத்துத் தொடங்கவில்லை. ரோமா, சிந்தி என்கிற மக்களை நினைத்துத் தொடங்கினார். ஐரோப்பாவில் ‘ஜிப்சி’ என்று இழிவாகக் கூப்பிடப்பட்டவர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை அவர்களுடைய மொழியே சொல்கிறது. ‘ரோம்’ என்கிற சொல் ‘டோம்’ என்பதிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் பலர் ஏற்கும் கருத்து. டோம் யார்? காசியில் இன்றைக்கும் பிணம் எரிக்கிற சாதி. இங்கே சாதியின் அடியில் கிடந்தவர்களின் பேர் அங்கே இனத்தின் அடியில் கிடந்தவர்களின் பேராயிற்று. நாஜிகள் யூதர்களோடு சேர்த்து அவர்களையும் லட்சக்கணக்கில் கொன்றார்கள்.

1940 மே மாதம் கொலோன் நகரத்திலிருந்து ஆயிரம் ரோமா, சிந்தி மக்களை நாடு கடத்தினார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1990இல், அவர்களை நடத்திக் கொண்டுபோன பாதை நெடுக டெம்னிக் தெருவில் பெயின்ட்டால் எழுத்துக் கோடு போட்டார். பிறகு அந்தக் கோட்டைச் சில இடங்களில் பித்தளையில் பதித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருவில் இருந்த ஒரு வயதான அம்மா வந்து, எங்க பக்கத்துல ஜிப்சிங்க யாரும் குடியிருந்ததே இல்லையே என்றாராம். அந்தம்மா பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. போன பிறகு அவர்கள் இருந்ததும் தெரியாது. ‘இங்கே குடியிருந்தார்’ என்கிற வரி இதற்குச் சொன்ன பதில்தான்.

முதல் கல்லை 1992 டிசம்பர் 16 அன்று கொலோன் நகர மண்டபத்துக்கு எதிரே பதித்தார். ரோமா, சிந்தி மக்களை ஆஷ்விட்சுக்கு அனுப்பச் சொல்லி ஹிம்லர் உத்தரவு போட்டு அன்றோடு 50 வருஷம். பிறகு 1996இல் பெர்லினில் அனுமதி வாங்காமலே 51 கற்கள். 2023 மே மாதம் நியூரம்பர்க் நகரத்தில் ஒரு லட்சமாவது கல். இனத் தூய்மைச் சட்டங்கள் 1935இல் பிரகடனமானதும், போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றியதும் இதே நியூரம்பர்க்கில்தான்.

இதெல்லாம் சர்க்கார் வேலை அல்ல. ஒவ்வொரு கல்லுக்கும் யாரோ ஒருவர் காசு கொடுக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தெருக்காரர்களும் பழைய ஆவணங்களில் பேர் தேடுகிறார்கள். உயிரோடிருக்கும் உறவினர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்கிறார்கள். பித்தளை கறுக்கும், வருஷத்துக்கொரு தரமாவது மண்டிபோட்டுத் துடைக்கிறார்கள். துடைப்பவர்களில் குற்றம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. 2012 நவம்பரில் க்ரைஃப்ஸ்வால்ட் என்கிற ஊரில் இருந்த 11 கற்களையும் ஒரே ராத்திரியில் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நமக்கு இது புரியும். அம்பேத்கர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்திவைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம்.

3

யூதனையும் தீண்டப்படாதவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது நம் கற்பனை அல்ல. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943இல், அம்பேத்கர் தம் நூல் ஒன்றின் முன்னுரையில் நாஜிகளின் யூத வெறுப்பையும் இந்துக்களின் சனாதனத்தையும் ஒப்பிட்டார். கொள்கையிலும் விளைவிலும் இரண்டும் வேறல்ல என்பது அவர் கட்சி. அவர் எழுதி அச்சாகாமல் கிடந்து பின்னால் வெளிவந்த இன்னொரு நூலின் தலைப்பில் தீண்டப்படாதவர்களை இந்திய கெட்டோவின் பிள்ளைகள் என்றே குறித்தார். கெட்டோ என்பது ஐரோப்பிய நகரங்களில் யூதர்களை ஒதுக்கிவைத்த சேரி.

வித்தியாசமும் இருக்கிறது. நாஜி ஆட்சி 12 வருஷம். 1945இல் தோற்றது, கூண்டில் நின்றது. தோற்ற பிறகும் ஜெர்மன்காரன் வாசலில் முதல் கல் பதிய 47 வருஷம் ஆனது. இங்கே சாதி எந்தப் போரிலும் தோற்கவில்லை. தோற்காதவன் தன் வாசலில் கல் பதிக்க இடம் கொடுப்பானா?

சென்னையிலேயே யூதர்களின் கல் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து நடக்கிற தூரத்தில், இப்போது அவ்வை சண்முகம் சாலை என்று பேர் மாறிவிட்ட லாயிட்ஸ் ரோட்டில், ஒரு சின்ன யூதக் கல்லறைத் தோட்டம். அவர்கள் ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள் அல்ல. அதற்கும் முன்னால், போர்த்துக்கலில் கத்தோலிக்க மத விசாரணைக்குத் தப்பி லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஓடியவர்களின் வழிவந்த வியாபாரிகள் 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார்கள். பவழம் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரம் வாங்கினார்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இன்னும் இருக்கிறது. 1688இல் மதராஸ் கார்ப்பரேஷன் அமைந்தபோது அதில் யூதர்களும் ஆல்டர்மேன் ஆனார்கள்.

அவர்களுடைய கல்லறை முதலில் இருந்தது பெத்துநாயக்கன்பேட்டையில், மின்ட் தெருப் பக்கம். பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமென்று அங்கிருந்து எடுத்துக் காசிமேட்டில் வைத்தார்கள். துறைமுகத்துக்கு இடம் வேண்டுமென்று அங்கிருந்தும் எடுத்து 1983இல் லாயிட்ஸ் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த நகரத்தில் செத்தவனின் கல்லைக்கூடக் காலி பண்ணச் சொல்வார்கள். ஆனாலும் கல்லில் பேர் இருந்ததால் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

அதே காலத்தில் அதே கறுப்பர் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்பு இருந்தது. கம்பெனி ஆவணங்கள் அதைப் ‘பெரிய பறைச்சேரி’ என்கின்றன. கோட்டையில் மூட்டை தூக்கியவர்கள், வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஆல்டர்மேன் ஆன யூத வியாபாரியின் பேர் 300 வருஷம் கழித்தும் தெரிகிறது. பெரிய பறைச்சேரியில் எந்த வீட்டில் யார் இருந்தார் என்று எந்தக் கல் சொல்லும்?

முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் நம் ஊர்களில் சலவைக்கல் பதித்தான். இந்தக் கிராமத்திலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று அதில் இருக்கும். மதராஸ் பயோனியர், சாப்பர்ஸ் படைகளில் சேர்ந்த பறையர்கள் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். பேராக இல்லை, எண்ணாக. கல்லும் இருந்தது, எழுத்தும் இருந்தது, பேர் எழுதத்தான் இடம் போதவில்லை.

4

தென்சென்னையைச் சுற்றிப் பாருங்கள். கல்லுக்கும் சிலைக்கும் பஞ்சமில்லை. நம்மவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு மண்டபம் உண்டு. 2023 டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதருக்கும் அங்கே திறந்தார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது. போராடிக் கேட்டு வாங்கியவை இவை. ஆனால் இவை தலைவர்களுக்கு. தலைவர்கள் யாருக்காகத் தலைவரானார்களோ அந்த ஜனத்துக்கு?

அதே ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரம், கோவிந்தசாமி நகர். நீதிமன்ற உத்தரவைக் காட்டி 2022இல் வீடுகளை இடித்தார்கள். அந்த மே மாதம், இடிக்கிற இயந்திரத்துக்கு முன்னாலேயே அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்துச் செத்தார். அவர் பேரைப் பத்திரிகைகள் போட்டன. வீட்டாரைக் கேட்காமல் நான் இங்கே எழுதவில்லை, அந்தச் சம்மதமும் இந்த வேலையில் ஒரு பகுதி. மணிமண்டபம் நிற்கிறது. மண்டபத்துக்குரியவரின் படத்தை வீட்டில் மாட்டியிருந்தவர்களைத்தான் அங்கிருந்து கிளப்பினார்கள்.

நாஜி முகாமும் நகரத்தை விட்டு வெளியேற்றுவதும் ஒன்றல்ல. ஒன்று என்று பேசினால் அங்கே செத்தவர்களையும் இங்கே வாழ்கிறவர்களையும் சேர்த்து அவமானப்படுத்துவதாகும். ஒன்றாக இருப்பது முதல் வரி மட்டும்: ‘இங்கே குடியிருந்தார்.’

அந்த வரியை நிரூபிக்க முடியாமல்தான் நம் ஜனம் தோற்கிறது. குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது, 1971இல் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். 2000க்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை ஓரம் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக்காரர்களுக்குப் பெரும்பாக்கம் என்று ஊர்க்கோடிக்கு ஏற்றினார்கள். 2021இல் வாரியத்தின் பேரில் இருந்த ‘குடிசை’யையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதிகாரி கேட்பது ஒன்றுதான்: நீ இங்கே குடியிருந்ததற்கு என்ன அத்தாட்சி? ரேஷன் கார்டு எங்கே? லிஸ்டில் பேர் இருக்கா? வெள்ளத்தில் போன அட்டையை அவள் எங்கே போய்க் கொண்டுவருவாள்? கூட்டுக் குடும்பத்தில் கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த பிள்ளைக்கு லிஸ்டில் பேர் ஏது? மூணு தலைமுறை இருந்த இடத்தில் அவள் இல்லாதவளாகிவிடுகிறாள்.

மாம்பலம் ஏரியை 1920களில் தூர்த்துத் தியாகராய நகர் உண்டாக்கினார்கள். பனகல் அரசருக்குப் பூங்கா, சௌந்தரபாண்டியனார் பேரில் பாண்டி பஜார். இவர்கள் சமூக நீதி பேசியவர்கள், பேர் வைத்ததில் தப்பில்லை. மண் சுமந்தவர்கள் பேரில் தெரு எது? இன்றைக்கு அந்தத் தெருக்களில் நின்று கேளுங்கள், இங்கே சேரியெல்லாம் இருந்ததே இல்லீங்க என்பார்கள். கொலோன் அம்மா சொன்னதும் அதுதான்.

5

நமக்குக் கல்லே இல்லை என்று சொல்ல முடியாது. கீழவெண்மணியில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி ராமையாவின் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டவர்கள் 44 பேர், அதிகமும் பெண்களும் குழந்தைகளும். நினைவுக்கல்லில் அவர்களுடைய பேர்கள் உண்டு. ஆனால் நாம் மேடையில் எப்படிச் சொல்கிறோம்? ‘வெண்மணியின் 44 தியாகிகள்.’ 44 என்று சொல்லத் தெரிந்த தோழர்களில் நாலு பேரின் பேரைச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வெள்ளைக்காரன் சலவைக்கல்லில் செய்ததை நாம் வாயால் செய்கிறோம். ‘கூலித் தகராறு’ என்று ஒரு பக்கம் குறைத்தார்கள், ‘வர்க்கப் போர்’ என்று இன்னொரு பக்கம் பெருக்கினார்கள். கொன்றதில் இருந்த சாதி இரண்டிலும் அடங்கிப்போனது.

மேலவளவிலும் இருக்கிறது. தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் மேலும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவர்கள் புதைக்கப்பட்ட இடம் ‘விடுதலைக் களம்’ ஆனது. ஜூன் 30 வந்தால் கூடுகிறோம், வீர வணக்கம் செலுத்துகிறோம்.

இரண்டு கல்லும் எங்கே நிற்கின்றன? நம் பக்கத்தில். நம் மண்ணில். அங்கே போகிறவர்கள் நாம், அழுகிறவர்கள் நாம், மறக்காதே என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். நாம் எப்போது மறந்தோம்? மறந்தவன் அந்தப் பக்கமே வருவதில்லை, அவன் கண்ணில் அந்தக் கல் படுவதேயில்லை. ஜெர்மனியின் இடறுகல்லில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். அது கல்லறையில் இல்லை, பொதுத்தெருவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் பால் வாங்கப் போகும்போது பார்க்கிறான்.

அப்படிப் பார்த்தால் வெண்மணிக் கல்லில் ஒன்று சென்னையில் இருக்க வேண்டும். கீழ்க் கோர்ட்டு தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் 1973இல் விடுவித்த உயர் நீதிமன்றம் இங்கேதான் இருக்கிறது. நிலமும் காரும் உள்ள பெரிய மனுஷர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற தீர்ப்பு அது. தஞ்சாவூர் நெல்லின் வருமானத்தில் மயிலாப்பூரில் வீடு கட்டி உட்கார்ந்தவர்களும் உண்டு. கொளுத்தியது கீழவெண்மணியில் என்றால், கொளுத்தியவர்கள் வெளியே வந்தது இந்த ஊரில். மேலவளவில் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவித்த ஆணையும் இந்த ஊர்க் கோட்டையிலிருந்துதான் போனது.

6

இடறுகல்லை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிட முடியாது. மியூனிக் நகரத்தில் பொது இடத்தில் அதைப் பதிக்கக் கூடாதென்று 2004இல் முடிவெடுத்தார்கள், 2015இல் மறுபடியும் உறுதி செய்தார்கள். நாஜி கொடுமைக்குத் தப்பிப் பிழைத்த யூதத் தலைவர் சார்லட் க்னோப்லோகே எதிர்த்தார். எங்கள் மக்களை ஒருதரம் மிதித்தது போதாதா, பேரையும் பூட்ஸ் காலால் மிதிக்கணுமா என்பது அவர் வாதத்தின் சாரம். டெம்னிக் தரப்போ, படிக்க வேண்டுமென்றால் தலை குனிந்தாக வேண்டும், அது வணக்கம் என்கிறது.

இந்த வழக்கில் நான் அந்த யூத அம்மாவின் பக்கம். செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்ததற்காக அடிவாங்கிய ஜனம் நாம். ஆண்டையின் காலில் பிறந்தவன் என்று சொல்லப்பட்டவர்கள். நம் பேரைத் தரையில் வைத்தால் இந்த ஊர் தலை குனியாது, மிதித்துக்கொண்டு போகும். அதற்கு அது பழகியிருக்கிறது. மியூனிக்கிலேயே 2018 முதல் வேறு வழி கண்டிருக்கிறார்கள். வீட்டுச் சுவரிலோ வாசலில் நட்ட கம்பத்திலோ கண் மட்டத்தில் பேர்ப் பலகை வைக்கிறார்கள். நமக்கு அது பொருந்தும். நடுகல்லும் படுத்துக் கிடந்ததல்ல, நின்ற கல்.

கல்லில் எந்தப் பேரை எழுதுவது என்பதும் சின்ன விஷயமல்ல. ஜெர்மனியில் சில கற்களில் நாஜிகள் சுமத்திய குற்றப் பேர்களையே மேற்கோள் குறிக்குள் பொறித்தபோது உறவினர்கள் கொதித்தார்கள். நம்மவர்களுக்கு ஆண்டை வைத்த பேர், போலீஸ் எழுதிய பேர், வீட்டில் கூப்பிட்ட பேர் என்று மூணு பேர் இருக்கும். வீட்டில் கூப்பிட்ட பேரைத்தான் எழுத வேண்டும். அது நம்மிடம் மட்டுமே இருக்கிறது.

கல் பிறகு நடலாம். தொல்காப்பியத்தின் முதல் படி காட்சி, அதாவது தேடிக் காண்பது. அதை மாணவத் தோழர்கள் இன்றைக்கே தொடங்கலாம். 1894இல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். அப்படிப்பட்ட பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு எங்கே கிடைத்தாலும் அதில் பிள்ளையின் பேர், தகப்பன் பேர், குடியிருந்த இடம் இருக்கும். பழைய வாக்காளர் பட்டியலில் தெருவும் கதவு எண்ணும் இருக்கும். சுடுகாட்டுப் பதிவேடு, கிறிஸ்தவச் சேரியென்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிற கிழவிகள். எந்தச் சந்தில் யார் வீடு, யார் வாசலில் குழாய் இருந்தது, எந்த வேப்பமரத்தடியில் பஞ்சாயத்து நடந்தது என்று அவர்களுக்கு மனப்பாடம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. பேர், இருந்த இடம், கிளப்பிய வருஷம், கிளப்பியது யார் உத்தரவு. கையெழுத்தோ கைநாட்டோ அவர்களிடமே வாங்குங்கள்.

இது நினைவுக்கு மட்டுமல்ல. நாளைக்கு இன்னொரு கால்வாய் ஓரத்தில் இயந்திரம் வந்து நிற்கும்போது, அத்தாட்சி எங்கே என்று கேட்கும் அதிகாரியின் மேசையில் போடுவதற்கும் அந்த நோட்டு வேண்டும்.